ஆறினால் ஓடும் வண்டி

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று அடியோடு ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் நான் கவலைப்பட மாட்டேன். கோளாறு அங்கேயே இருக்கும், தேடினால் கிடைக்கும். ஆளைப் பாடாய்ப் படுத்துவது வேறு ரகம். காலையில் ஒரே உதையில் பிடித்துக்கொள்ளும், பத்துப் பதினைந்து மைல் அழகாக ஓடும், நன்றாகச் சூடேறிய பிறகு நடுரோட்டில் நின்றுவிடும். ஓரமாக நிறுத்திக் கொஞ்சம் ஆறவிட்டால் எதுவுமே நடக்காத மாதிரி மறுபடி ஓடும். ஷெட்டுக்குக் கொண்டுவந்து ஸ்டாண்டு போட்டால் குறையே தெரியாது. மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டு ஒரு பாகத்தை மாற்றுவார். இரண்டு வாரம் கழித்து வண்டி மறுபடி எங்கோ ஒரு வேலி ஓரத்தில் நிற்கும்.

இங்கே கோவென்ட்ரியில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் அப்படி ஒரு வண்டி இருந்தது. 1969 டிரையம்ப் பான்வில், டி120. 649 சிசி, இரட்டை சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், எழுபதுகளில் படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். என்ஜின் நம்பர் ‘ஜிசி’ என்ற எழுத்துகளில் தொடங்குகிறது. டிரையம்ப் அந்தக் காலத்தில் வைத்திருந்த குறியீட்டின்படி முதல் எழுத்து மாதம், இரண்டாவது எழுத்து ஆண்டு: 1969 ஜூன். வண்டியின் சட்டத்தில் (ஃபிரேமில்) அடித்த நம்பரும் அதேதான். இரண்டும் பொருந்துவது பழைய வண்டிக்காரர்களுக்குப் பெரிய விஷயம். ஐம்பது ஆண்டுகளில் எத்தனையோ வண்டிகள் என்ஜின் ஒன்று, சட்டம் ஒன்று என்று கலந்துபோயிருக்கின்றன.

இந்த வண்டி பிறந்த இடம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். டிரையம்ப்பின் பழைய தொழிற்சாலை கோவென்ட்ரி நகரத்துக்குள் இருந்தது. 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மானிய விமானங்கள் போட்ட குண்டுகளில் நகரத்தோடு அதுவும் அழிந்தது. பிறகு நகருக்கு வெளியே, பர்மிங்ஹாம் போகும் வழியில் மெரிடன் என்ற கிராமத்தருகே புதிதாகக் கட்டி 1942இல் வேலையைத் தொடங்கினார்கள். பான்வில் வண்டிகள் 1959 முதல் அங்கிருந்துதான் வந்தன. அறுபதுகளில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. 1973இல் தொழிற்சாலையை மூடப் போகிறோம் என்று நிர்வாகம் சொன்னபோது தொழிலாளிகள் வாசலை அடைத்து உட்கார்ந்து, கடைசியில் கூட்டுறவாகவே அதை நடத்தினார்கள். 1983 வரை ஓடியது. இன்று அங்கே வீடுகள். தெருவுக்கு பான்வில் குளோஸ், டேடோனா டிரைவ் என்று பெயர். அந்தத் தெருவைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்குத் திருவொற்றியூர் ஞாபகம் வரும். இங்கிலாந்தின் ரெடிச்சில் பிறந்த என்ஃபீல்டு புல்லட் 1955இல் மெட்ராஸ் வந்து, தாய்வீடு மூடிய பிறகும் நம் ஊரில் உயிரோடு இருந்தது. மெரிடன் வண்டிக்கு அப்படி ஒரு வாழ்வு வாய்க்கவில்லை.

பெரியவர் வண்டியைக் காட்டுவதற்கு முன் ஒரு அட்டைப்பெட்டியைக் காட்டினார். கழற்றிப்போட்ட பாகங்கள். பேட்டரி கரண்டைப் பிளக்கில் பொறி தட்டும் அளவுக்கு ஏற்றும் இக்னிஷன் காயில் இரண்டு, அந்தக் கரண்டைத் திறந்து மூடும் பாயிண்ட் செட், பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டென்சர் இரண்டு, பல வயதுடைய பிளக்குகள், பெட்ரோல் டேப், கார்புரேட்டர் ஜெட்டுகள். பல ஆண்டுகளாகப் பல கைகள் மாற்றியவை. ஒவ்வொரு முறையும், “இதுதான் கோளாறு” என்று யாரோ உறுதியாகச் சொல்லியிருக்கிறார்கள்.

“பதினைஞ்சு மைல் ஓடினா நிண்டிடும் தம்பி. ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து உதைச்சா உடன ஸ்டார்ட் ஆகும். எல்லாம் மாத்தியாச்சு.”

“நிற்கிறதுக்கு முன்னாடி எப்படி இருக்கும் ஐயா? திக்கித் திணறி, விட்டு விட்டு அடிச்சு நிற்குமா? இல்லே ஒரே அடியா நிற்குமா?”

“திறப்பைத் திருப்பி நிப்பாட்டின மாதிரி, டக்கெண்டு நிண்டிடும்.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “இவ்வளவு காலமா ஒருத்தரும் இந்தக் கேள்வியைக் கேக்கேல்லை.”

இந்த ஒரு பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் ஓட்டுகிறவரிடம் பொறுமையாகக் கேட்பதைவிடச் சிறந்த கருவி கிடையாது என்பது என் உறுதியான எண்ணம். பெட்ரோல் வராமல் நிற்கும் வண்டி ஒருபோதும் சாவியைத் திருப்பினாற்போல நிற்காது. கார்புரேட்டரின் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீரத் தீர வேகம் குறையும், இழுவை போகும், ஏர் இன்டேக்கில் ஓரிரு முறை தும்மும், பிறகுதான் அடங்கும். டக்கென்று நிற்பது பெட்ரோலைப் பற்றவைக்கும் மின்பொறி சம்பந்தப்பட்டது.

சரி, பொறி என்றால் எது? இங்கேதான் டிரையம்ப்பின் அமைப்பு நமக்கு உதவிக்கு வருகிறது. இந்த என்ஜினில் இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். ஆனால் ஒன்று மாற்றி ஒன்று வெடிக்கும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியாக ஒரு பாயிண்ட், தனியாக ஒரு கண்டென்சர், தனியாக ஒரு காயில், தனியாக ஒரு பிளக். ஒரு காயில் சூட்டில் செத்தால் அந்தப் பக்கம் மட்டும்தான் போகும். மற்ற சிலிண்டர் ஒற்றைக்காலில் நொண்டிக்கொண்டாவது வண்டியை வீடு சேர்க்கும். கண்டென்சருக்கும் அதே கதைதான். இரண்டு காயிலும் ஒரே நொடியில் செத்து, ஒரே நேரத்தில் உயிர்த்தெழுவது நடக்கிற காரியமா? ஆக, பெட்டியில் கிடந்த காயிலும் கண்டென்சரும் பாயிண்டும் வெறும் யோசனையிலேயே விடுதலையாகிவிட்டன. இரண்டு பக்கத்துக்கும் பொதுவானது எது என்று பார்த்தால் மிஞ்சுவது கொஞ்சம்தான்: பேட்டரி, ஃபியூஸ், இக்னிஷன் சுவிட்ச், சுவிட்சிலிருந்து காயில்களுக்குப் போகும் வெள்ளை ஒயர், பிறகு எர்த்.

ஆனால் யோசனையில் விடுவித்ததை ரோட்டில் நிரூபிக்க வேண்டும். வண்டி நிற்கும்போதுதான் நிரூபிக்க முடியும். நின்ற பிறகு ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தால் சாட்சி ஆறிப்போய்விடும். அதனால் என்னென்ன பார்க்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்துகொண்டு புறப்பட்டோம். சட்டைப்பையில் ஒரு டெஸ்ட் லேம்ப், இரண்டு முனையிலும் கிளிப் வைத்த ஒரு நீள ஒயர், பிளக் ஸ்பேனர். அவர் பான்வில்லில், நான் பின்னால் காரில். கெனில்வொர்த் தாண்டி, வார்விக் தாண்டி, ஸ்ட்ராட்ஃபோர்டு சாலையில் கொஞ்ச தூரம் போனதும் அவர் கையை உயர்த்தினார். நின்றுவிட்டது.

முதலில் பெட்ரோல் மூடியைத் திறந்து காதை வைத்தேன். மூடியிலுள்ள காற்றுத்துளை அடைத்திருந்தால் டாங்கிக்குள் வெற்றிடம் உருவாகி பெட்ரோல் இறங்காது. திறந்தவுடன் உஸ்ஸென்று காற்று உள்ளே போகும். சத்தம் இல்லை. கார்புரேட்டர் கிண்ணத்தைக் கையால் நிரப்ப உதவும் டிக்லர் குமிழை அழுத்தினேன், இரண்டு பக்கமும் உடனே பெட்ரோல் வழிந்தது. பெட்ரோல் விஷயம் அதோடு முடிந்தது. கிக்கரைக் கையால் அழுத்திப் பார்த்தால் கம்ப்ரஷன் கல் மாதிரி நின்றது.

அடுத்தது முகப்பு விளக்கின் தலையில் இருக்கும், கரண்ட்டை அளக்கும் அம்மீட்டர். பாயிண்ட் வைத்த பழைய வண்டிகளில் இந்தச் சின்ன முள்ளைப் போல உண்மை பேசுவது வேறு எதுவும் இல்லை. சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்தி என்ஜினைச் சுற்ற வேண்டும். பாயிண்ட் மூடும்போது காயில் வழியாக கரண்ட் ஓடும், முள் டிஸ்சார்ஜ் பக்கம் சாயும். பாயிண்ட் திறந்தால் திரும்பும். ஒரு காயிலில் பேட்டரி கரண்ட் ஓடும் சுற்று (பிரைமரி) 3 முதல் 4 ஓம், அதனால் முள் 3, 4 ஆம்பியர் நன்றாகவே ஆடும். அன்றைக்கு அது அசையவே இல்லை. முகப்பு விளக்கைப் போட்டேன், பளிச்சென்று எரிந்தது, முள்ளும் சாய்ந்தது. பேட்டரி இருக்கிறது, ஃபியூஸ் இருக்கிறது, எர்த்தும் இருக்கிறது. காயில்களுக்கு மட்டும் கரண்ட் போகவில்லை.

கடைசியாக அந்த நீள ஒயர். ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸில், மறுமுனையை வெள்ளை ஒயர் வந்து சேரும் காயில் முனையில். சுவிட்சையும் நடுவே இருக்கும் ஒயரிங்கையும் தாண்டி நேரடியாகக் கரண்ட் கொடுப்பது. பெரியவர் உதைத்தார். முதல் உதையிலேயே என்ஜின் பிடித்துக்கொண்டது, கொதிக்கக் கொதிக்கச் சூடாக இருந்தபோதே. இப்படி ஓடும்போது சாவியால் நிறுத்த முடியாது, கிளிப்பைப் பிடுங்கினால்தான் நிற்கும். அதை மறக்காமல் இருப்பது நல்லது.

ஆக, சுவிட்சுக்கும் காயிலுக்கும் இடையில் எங்கோ ஒரு ஜாயின்ட். அப்படியானால் சூடு? எல்லாரும் என்ஜின் சூட்டைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஜாயின்ட் கெட்டு அதில் ஒன்றிரண்டு ஓம் தடை உண்டாகிவிட்டால், அதன் வழியாக ஓடும் கரண்டே அதைச் சூடாக்கும். சூடானால் பித்தளைக் குழல் விரிந்து பிடி தளரும். பிடி தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் இன்னும் சூடாகும். ஒரு கட்டத்தில் தொடர்பே அறுந்துவிடும். அறுந்தால் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லையென்றால் சூடு இல்லை. சில நிமிடத்தில் ஆறிச் சுருங்கி மறுபடி ஒட்டிக்கொள்ளும். இவ்வளவு பெரிய இரும்பு என்ஜின் ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் ஆறாது. ஆனால் விரல் நுனி அளவு ஜாயின்ட் ஆறிவிடும். “ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தா” என்று அவர் சொன்னதிலேயே இந்தக் கணக்கு இருந்தது.

வீட்டுக்கு வந்து டாங்கியை இறக்கினோம். பிரிட்டிஷ் வண்டியில் கை வைக்கும் எவரும் ஸ்பேனர் விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். 1969 என்பது இரண்டுங்கெட்டான் காலம். டிரையம்ப் அப்போதுதான் பழைய பிரிட்டிஷ் மரைகளை விட்டு யூஎன்எஃப் என்ற அமெரிக்க வகை மரைக்கு மாறிக்கொண்டிருந்தது. ஒரே வண்டியில் ஓரிடத்தில் யூஎன்எஃப் போல்ட், இன்னோரிடத்தில் அங்குலத்துக்கு 26 மரை கொண்ட சைக்கிள் மரை, வேறோரிடத்தில் விட்வொர்த் தலை. விட்வொர்த் ஸ்பேனரில் அடித்திருக்கும் அளவு போல்ட்டின் விட்டம், தலையின் அகலம் கிடையாது. இது தெரியாமல் கையில் கிடைத்த 13 மி.மீ. ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் போல்ட் தலை உருண்டுபோகும். அப்படி உருண்ட தலைகள் இந்த வண்டியில் நிறைய இருந்தன. அவற்றைப் பார்க்கும்போது வயிறு எரிந்தது.

இன்னொன்று, இது பாசிட்டிவ் எர்த் வண்டி. நம் ஊர் வண்டிகளில் கருப்பு எர்த், சிவப்பு கரண்ட் என்று பழகிய கைக்கு இது தலைகீழ். இங்கே சிவப்பு ஒயர்தான் சட்டத்துக்குப் போகிறது, பேட்டரியின் பிளஸ் முனை எர்த். பழக்க தோஷத்தில் பேட்டரியை மாற்றி மாட்டிவிட்டால், ஆல்டர்னேட்டர் கரண்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி ஒரே திசையில் விடும் ரெக்டிஃபயரும் ஜீனர் டயோடும் பலியாகும். ஜீனர் என்பது முகப்பு விளக்குக்குக் கீழே துடுப்பு வைத்த அலுமினியக் கட்டிக்குள் இருக்கும் சிறு பொருள். ஆல்டர்னேட்டர் கொடுப்பதில் பேட்டரிக்கு வேண்டாத மிச்சத்தைச் சூடாக்கிக் காற்றில் விடுவதுதான் அதன் வேலை.

டாங்கிக்கு அடியில், சட்டத்தின் குழாய்களுக்கு நடுவே இரண்டு காயிலும் இருக்கின்றன. அந்த இடுக்கில்தான் ஒயரிங்கின் பாதி ஜாயின்ட்டுகளும் நெருக்கியடித்துக் கிடக்கும். இங்கே நான் ஓம் மீட்டரை நம்புவதில்லை. கெட்ட ஜாயின்ட்டில் ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் ஓம் மீட்டர் அதை நல்லது என்றே சொல்லும். அதன் வழியாக ஓடுவது துளி கரண்ட்தான். பாதி அடைத்த குழாயும் சொட்டுச் சொட்டாய் விட்டால் தண்ணீர் தரும், முழுதாய்த் திறந்தால்தான் குட்டு வெளிப்படும். எனவே வேலை செய்யும்போது எவ்வளவு கரண்ட் ஓடுமோ அவ்வளவையும் ஓடவிட்டு, வோல்ட் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

பாயிண்ட்டை மூடி வைத்து நெடுநேரம் கரண்ட் கொடுத்தால் காயில் வெந்துபோகும். அதற்குப் பதில் காயிலைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் 45 வாட் முகப்பு விளக்கு பல்பு ஒன்றை மாட்டினேன். 12 வோல்ட்டில் 45 வாட் என்றால் 3.75 ஆம்பியர், ஒரு காயில் எடுக்கும் அளவேதான். பல்பு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எரியும். ஒன்றும் கெடாது.

பல்பு எரிந்துகொண்டிருக்க, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸில் வைத்து மறுமுனையை வெள்ளை ஒயர் நெடுகக் கொண்டுபோனேன். சுவிட்சின் உள்வாயில் வரை விழுந்தது மிகக் கொஞ்சம். சுவிட்சைத் தாண்டியும் கவலைப்படும்படி இல்லை. முழு வழிக்கும் அரை வோல்ட் வரை விழலாம் என்பது என் கணக்கு. டாங்கி அடியில் ஒரு புல்லட் கனெக்டரை (குண்டு வடிவ முனைகள் ஒரு குழலுக்குள் சொருகும் ஒயர் இணைப்பை) தாண்டியதும் மீட்டர் இரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் மெல்ல ஏறியது. பல்பின் வெளிச்சம் மங்கி மஞ்சளானது. கனெக்டரைத் தொட்டேன். விரலை வைத்திருக்க முடியவில்லை.

அணைத்துவிட்டு அதை வெளியே எடுத்தோம். மேலே இருந்த ரப்பர் உறை காய்ந்து விறைத்து ஒரு பக்கம் பழுப்பாக வெந்திருந்தது. உள்ளே பித்தளைக் குழல், அதன் வாய் விரிந்து பிடிமானம் இல்லாமல் இருந்தது. அதற்குள் இரண்டு பக்கமிருந்தும் நுழைந்த புல்லட் முனைகள் கருத்திருந்தன. ஒரு முனை தொழிற்சாலையில் வைத்தது, ஒழுங்காகக் கவ்வியிருந்தது. இன்னொன்று எப்போதோ யாரோ ஒயரை ஒட்டுப் போட்டபோது வைத்த மலிவுச் சாமான். சால்டர் இல்லை, குறடு வைத்து நசுக்கியிருந்தார்கள், அவ்வளவுதான். இழுத்தேன், ஒயர் கையோடு வந்துவிட்டது. செம்பு இழைகளில் பாதி எப்போதோ அறுந்து பச்சை பூத்திருந்தன. மிச்சப் பாதிதான் இத்தனை காலம் இரண்டு சிலிண்டரையும் சுமந்திருக்கிறது. பெரியவர் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஒயரை வெட்டி வெட்டிப் பின்னால் போனேன். செம்பு பளபளப்பாக வரும் என்று பார்த்தால் கருப்பு உள்ளேயே ஓடியிருந்தது. இப்படி உள்ளே கருத்த ஒயரில் சால்டரும் ஒட்டாது. எனவே சுவிட்சிலிருந்து காயில் வரை புது வெள்ளை ஒயர், 0.30 மி.மீ. இழை 28 கொண்டது, இந்த வேலைக்குத் தாராளம். புல்லட் முனைகளைச் சால்டர் செய்து, புதுக் குழலில் அழுத்தி ஏற்றினால் ‘டக்’கென்று உட்கார வேண்டும், கையால் இழுத்தால் வரக்கூடாது. அதே இடுக்கில் இருந்த மற்ற ஜாயின்ட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்துச் சுத்தம் செய்தோம். எர்த்தையும் விடவில்லை. பெயின்ட் மேலேயே முடுக்கியிருந்த சிவப்பு ஒயரின் வளையத்தைக் கழற்றி, சட்டத்தை இரும்பு தெரியத் தேய்த்து, வாசலின் தடவி முடுக்கினோம். மறுபடி பல்பு வைத்துப் பார்த்தபோது முழு வழிக்கும் விழுந்தது கால் வோல்ட்டுக்கும் குறைவு.

இங்கே இந்த வண்டியின் மின்சாரச் சாமான்களைச் செய்த லூகாஸைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். பிரிட்டிஷ் வண்டிக்காரர்கள் கூடும் இடங்களில் லூகாஸ் மின்சாரச் சாமானைக் கிண்டல் செய்வது வழக்கம், ‘இருட்டின் இளவரசன்’ என்று ஒரு பட்டமே உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பர்மிங்ஹாமில் தொடங்கிய அந்தக் கம்பெனியின் பெயர் நமக்கு அந்நியமில்லை, சென்னையில் பாடி பக்கம் போனவர்கள் எல்லாருக்கும் லூகாஸ் டிவிஎஸ் தெரியும். 1961இல் தொடங்கியது. பல தலைமுறைக் குடும்பங்களுக்கு அது சோறு போட்டிருக்கிறது. இந்தப் பான்வில்லில் 55 ஆண்டுக்கு மேலாகியும் ஆல்டர்னேட்டர் முழு அளவு கரண்ட் தருகிறது, ஜீனர் தன் வேலையைச் செய்கிறது, சுவிட்ச் நன்றாக இருக்கிறது. கெட்டது யாரோ இடையில் போட்ட ஒட்டு. மழையிலும் அதிர்விலும் அரை நூற்றாண்டு கிடந்த பித்தளையையும், அவசரக் கையையும் விட்டுவிட்டு அதைச் செய்தவனைப் பழிப்பது நியாயமாகப் படவில்லை.

டாங்கி வெளியே இருக்கும்போதே மற்றவற்றையும் பார்த்துவிட்டோம். இரண்டு அமல் கான்சென்ட்ரிக் கார்புரேட்டரும் ஐடிலிங்கில் (ஆக்ஸிலரேட்டர் திருகாமல் மெதுவாக ஓடும்போது) ஒத்துப்போகவில்லை, இடது பக்கம் அடிக்கடி விட்டது. இந்தக் கார்ப்பில் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட் என்பது உடலுக்குள் அழுத்தி வைத்த ஒரு சிறு குழல், துளை 0.016 அங்குலம்தான். கழற்ற வராது. பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோலில் 10 சதம் வரை எத்தனால். குளிர்காலம் முழுக்க வண்டியை அப்படியே நிறுத்தினால் கிண்ணத்தில் ஒரு பிசின் படியும், முதலில் அடைபடுவது இந்தத் துளைதான். கார்ப் கிளீனரை எவ்வளவு பீய்ச்சினாலும் போகாது. கிடார் கம்பியில் மெல்லியது ஒன்றை ஏர் ஸ்க்ரூ துளை வழியாக நேராகச் செலுத்தினால் துளை தட்டுப்படும். கம்பி மறுபக்கம் போகும்போது விரலுக்குத் தெரியும். குளிர்காலத்துக்கு முன் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டால் இந்த வேலையே தேவையில்லை. பிறகு ஆக்ஸிலரேட்டர் கேபிள் தூக்கும் இரண்டு ஸ்லைடும் ஒரே நேரத்தில் தூக்குகின்றனவா என்று விரலை உள்ளே விட்டுப் பார்த்து கேபிளைச் சரிசெய்ய வேண்டும். இரட்டைக் கார்ப் வண்டியின் சுகமெல்லாம் இதில்தான் இருக்கிறது.

பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம், வால்வுக்குக் குளிர்ந்த நிலையில் இன்டேக் 0.002, எக்ஸாஸ்ட் 0.004. பொறி தட்டும் நேரமான டைமிங் முழு அட்வான்ஸில், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 38 டிகிரி முன்னால். இந்த மாடலில் பிரைமரி கவரில் ஒரு சின்ன மூடி இருக்கிறது, அதைக் கழற்றினால் ஆல்டர்னேட்டர் ரோட்டரின் கோடு தெரியும், பொறியோடு சேர்ந்து மின்னும் ஸ்ட்ரோப் விளக்கை அடித்துப் பார்க்கலாம். இரண்டு பாயிண்ட்டையும் தனித்தனியே நகர்த்தவும் முடியும். இரண்டு பக்கமும் அதே கோட்டில் வந்து நின்றபோது எக்ஸாஸ்ட் சத்தமே மாறிவிட்டது.

“எலக்ட்ரோனிக் இக்னிஷன் போட்டா இந்தச் சில்லெடுப்பே இல்லை எண்டு சொல்லுகினம்” என்றார் பெரியவர். பாயிண்ட்டுக்குப் பதில் வரும் அது நல்ல சாமான்தான், நான் எதிரியில்லை. ஆனால் அந்தப் பெட்டிகளுக்கு வோல்ட் குறைந்தால் பிடிக்காது. பாயிண்ட் பத்து வோல்ட்டிலும் ஏதோ ஒரு பொறியைத் தட்டிவிடும். எலக்ட்ரானிக் பெட்டிகளோ குழம்பி டைமிங்கையே மாற்றியடிக்கும். இந்தக் கெட்ட ஜாயின்ட்டை உள்ளே வைத்துக்கொண்டு அதை மாட்டியிருந்தால் அட்டைப்பெட்டியில் இன்னொரு சாமான் சேர்ந்திருக்கும், வண்டி அதே ஸ்ட்ராட்ஃபோர்டு சாலையில் நின்றிருக்கும். ஒயரிங் சுத்தமான பிறகு வேண்டுமானால் போடலாம், அது அவர் விருப்பம்.

அவருடைய தம்பி யாழ்ப்பாணத்திலேயே இருந்தவர். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையில் பெட்ரோல் கிடைக்காதபோது, ஒரு மூடி பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் தம்பி வண்டி ஓட்டிய கதையைப் பெரியவர் அன்று மாலை சொன்னார். புதுப் பாகம் என்ற பேச்சே இல்லாத ஊரில், இருப்பதில் எது நல்லது எது கெட்டது என்று சோதித்துத் தெரிந்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை. கடை பக்கத்திலேயே இருக்கும் ஊரில்தான் இப்படி அட்டைப்பெட்டி நிரம்புகிறது.

அந்தப் பெட்டியையும் கடைசியில் மேசைமேல் கொட்டினோம். பழைய லூகாஸ் காயில் இரண்டும் மீட்டரில் சரியான ஓம் காட்டின, சூடாக்கிப் பார்த்தபோதும் பொறி நீலமாகக் குதித்தது. கண்டென்சர் இரண்டும் நல்லவை. பாயிண்ட் செட்டில் ஒன்று மட்டும் தேய்ந்திருந்தது. புதிதாக வாங்கி மாட்டிய காயில்களில் ஒன்றின் முனை ஏற்கெனவே ஆட ஆரம்பித்திருந்ததால், பழையவற்றையே துடைத்து மறுபடி பூட்டினோம். வண்டி இப்போது ஸ்ட்ராட்ஃபோர்டு தாண்டிப் போய்த் திரும்பி வருகிறது, அவர் மட்டும் ஒவ்வொரு முறையும் அம்மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறார்.

“அப்ப அந்த எண்ணெய் ஒழுக்கை எப்ப பாப்பம் தம்பி?”

எண்ணெய் ஒழுகுவது வால்வுகளை அசைக்கும் தண்டுகள் ஓடும் புஷ் ராட் குழாய்களின் அடியிலிருந்து. அதற்கு சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டை இறக்கித்தான் ஆகவேண்டும். ஹெட்டுக்கு அடியில் இருக்கும் பழைய செப்புக் காஸ்கெட்டைச் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இளகிவிடும், மறுபடி பயன்படுத்தலாம். குழாய் சீல்களை அளந்து வாங்க வேண்டும். ஹெட்டை முடுக்கும்போது அவை 0.03 முதல் 0.04 அங்குலம் வரை நசுங்க வேண்டும், கூடினால் ஹெட் காஸ்கெட் சரியாக உட்காராது, குறைந்தால் இதே ஒழுக்குதான். அடுத்த மாதம் தொடங்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். அதுவரை எந்தப் பாகமும் வாங்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.